கைக்கு ஒரு சலங்கை: காற்றில் வாசிக்கும் கருவியும் செஞ்சிக் கூத்தும்

தொடாமல் வாசிக்கும் இசைக்கருவியைச் செய்வது இன்று பெரிய காரியமில்லை. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் அசைவுணரி, அதோடு இணைக்க ஒரு சிறு மின்பலகை, ஒலியெழுப்ப ஒரு மடிக்கணினி ஆகியவை இருந்தால் போதும். அதுகூட வேண்டாம் என்பவர்களுக்குக் கேமரா படத்திலிருந்தே கையின் 21 புள்ளிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கையைத் தூக்கினால் சுருதி ஏறும், இறக்கினால் தாழும், விரலை மடக்கினால் ஒலி அடங்கும் என்று எழுதிவிட்டால் கருவி தயார். ஆனாலும் இப்படிப் பிறந்த கருவிகளில் மிகச் சிலவே இரண்டாவது கச்சேரியைப் பார்த்திருக்கின்றன. முதல் முறை பார்ப்பவர்களுக்கு வியப்பு வருகிறது, வியப்பு தீர்ந்ததும் கேட்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதற்குக் காரணம் உணரியின் குறைபாடு என்று நினைத்து அடுத்த உணரியைத் தேடிப் போகிறோம். குறை அங்கே இல்லை என்பதே என் வாதம். எந்த அசைவுக்கு எந்த ஒலி என்கிற உறவைத்தான் இங்கே செய்ய வேண்டியிருக்கிறது. அந்த உறவு ஆடுபவர் உடம்பிலும் பார்ப்பவர் கண்ணிலும் ஒருசேரப் படிய வேண்டும். அப்படிப் படிந்த உறவு ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்க்கோயில் என்று போற்றப்படும் மேலச்சேரியை உள்ளடக்கிய செஞ்சி வட்டாரத்தில், பாரதம் படித்துக் கூத்தாடும் ஊர்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. காற்றில் வாசிக்கும் கருவியைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் அந்தக் கூத்துக் களரி.

இந்தக் கருவியின் வரலாற்றையே சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். 1920-ஐ ஒட்டிப் பெத்ரோகிராதில் லெவ் தெர்மன் என்ற இயற்பியலாளர் வாயுக்களின் மின்பண்பை அளக்கும் சாதனம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது, தன் கை அருகே வந்தாலும் விலகினாலும் அதிலிருந்து வரும் ஒலி மாறுவதைக் கவனித்தார். அவர் செல்லோ வாசிக்கத் தெரிந்தவர், அதனால் அந்த மாற்றம் அவர் காதில் இசையாக விழுந்தது. அதிலிருந்து பிறந்த தெர்மன் கருவியின் அமைப்பு எளிமையானது. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் இரண்டு மின்னலையாக்கிகள் ஓடுகின்றன. ஒன்றின் அதிர்வெண் நிலையானது. மற்றொன்றின் அதிர்வெண், பக்கத்தில் இருக்கும் மனிதக் கை மின்தேக்கியின் ஒரு தகடுபோல் செயல்படுவதால், நூலிழை அளவுக்கு மாறுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கேட்கும் சுருதி. நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கு அருகே வலக்கை சுருதியைத் தீர்மானிக்கிறது, பக்கவாட்டு வளையத்தின் மேல் இடக்கை ஒலியளவைத் தீர்மானிக்கிறது. இடையில் மெட்டு இல்லை, கட்டை இல்லை, தந்தி இல்லை. 1922-இல் லெனினுக்கு முன்னால் இதை வாசித்துக் காட்டிய தெர்மன் 1928-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1929-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் யார் வேண்டுமானாலும் எளிதில் வாசிக்கலாம் என்று சொல்லிச் சுமார் 500 கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொருளாதாரப் பெருமந்தம் ஒருபக்கம் இருக்க, வாங்கியவர்களுக்குக் கருவி பிடிகொடுக்கவில்லை. தடை ஏதும் இல்லாத கருவி எளிதான கருவியாக இருக்கும் என்ற அந்த நம்பிக்கை முதல் ஆண்டுகளிலேயே பொய்த்தது.

அதைக் கருவியாக்கியவர் கிளாரா ராக்மோர். 1911-இல் வில்னியஸில் பிறந்து சிறுவயதிலேயே வயலின் மேதை என்று பெயரெடுத்தவர், எலும்புக் கோளாறால் வயலினை விட வேண்டியதாயிற்று. தெர்மன் கருவியின் முன் நின்ற அவர் முதலில் செய்தது, வெறும் காற்றில் விரல் நிலைகளை வகுத்ததுதான். முழங்கை ஓரிடத்தில் நிற்க, மடக்கிய விரல்கள் படிப்படியாக விரிந்து அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தொடும். கை அடுத்த இடத்துக்கு நகர்ந்தால் மறுபடி அதே வரிசை. ஒலி சட்டென்று அடங்கிச் சட்டென்று எழ வேண்டும் என்று கேட்டு, தெர்மனைக் கொண்டே கருவியையும் மாற்றி அமைத்துக்கொண்டார். கருவியைக் கண்டுபிடித்தவர் தந்தது ஒரு மின்புலத்தை மட்டுமே. அந்தப் புலத்துக்குள் எங்கே நின்றால் எந்த ஸ்வரம், எப்படி அசைந்தால் எந்த பாவம் என்ற இலக்கணம் பல ஆண்டுச் சாதகத்தில் ஒரு வாத்தியக்காரரிடமிருந்து வந்தது. இதே பாடம் ஆம்ஸ்டர்டாமில் திரும்பவும் கிடைத்தது. 1984-இல் இரு கைகளிலும் உணரிகளை மாட்டிக்கொண்டு வாசிக்கும் கருவியைச் செய்த மிஷெல் வைஸ்விஸ், ஒரு கட்டத்தில் அதை மேலும் மேலும் திருத்துவதை நிறுத்தினார். நாளுக்கு நாள் மாறும் கருவியில் யாரும் தேர்ச்சி பெற முடியாது என்பதால், இருப்பதை இருந்தபடியே வைத்துக்கொண்டு பழகத் தொடங்கினார். யார்க் பல்கலைக்கழகத்தில் ஆண்டி ஹண்ட், ராஸ் கிர்க் இருவரும் நடத்திய சோதனைகளும் இதையே வேறு வழியில் காட்டின. ஒரு நகர்த்திக்கு ஒரு விளைவு என்று எளிமையாக அமைந்த முறையைவிட, பல அசைவுகள் பின்னிப் பல விளைவுகளைத் தரும் முறை ஆரம்பத்தில் கடினமாக இருந்தது, ஆனால் சிக்கலான பயிற்சிகளில் பழகப் பழக அதுவே மேலான பலனைத் தந்தது.

தமிழர்களுக்கு நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று 2016 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்தது. இன்டெல் நிறுவனத் தலைவரின் மேடையில் ஏ. ஆர். ரகுமானும் உடன் வாசித்தவர்களும், கியூரி என்ற பொத்தானளவுச் சில்லு பொருத்திய பட்டைகளைக் கட்டிக்கொண்டு, கையை வீசி இசையை எழுப்பிக் காட்டினார்கள். உலகின் மிகத் தேர்ந்த இசையமைப்பாளர்களில் ஒருவரும் மிகப் பெரிய சில்லு நிறுவனமும் சேர்ந்த முயற்சி அது. அடுத்த ஆண்டே, 2017-இல், இன்டெல் அந்தச் சில்லைக் கைவிட்டது. ஒரு வணிக முடிவு என்று அதை நாம் கடந்துபோய்விடக் கூடாது. வயலின் செய்த பட்டறை மூடப்பட்டால் வயலின் மறைந்துவிடுவதில்லை, ஏனென்றால் வயலின் பல்லாயிரம் பேரின் தோளிலும் விரலிலும் குடியேறிவிட்டது. சில்லோடு சேர்ந்து போய்விடக்கூடிய இசை இன்னும் யார் உடம்பிலும் குடியேறவில்லை என்றுதான் பொருள். ஒரு மேடை நிகழ்ச்சி அதற்குப் போதுமான காலத்தைத் தராது, ரகுமானாலும் தர முடியாது.

காலத்தைத் தந்த இடமாகத்தான் செஞ்சிப் பக்கத்துக் களரியைப் பார்க்கிறேன். தோளில் கட்டையும் தலையில் கிரீடமும் அணிந்த கட்டை வேஷக்காரர் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சியும் கீழே சலங்கை கட்டிய காலும் மட்டும் தெரிகின்றன. பின்னால் முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம். வேஷக்காரர் தன் பாட்டைத் தானே பாடுகிறார், ஜமா எனப்படும் கூத்துக்குழுவில் உள்ளவர்கள் அந்த அடியைப் பின்பாட்டாகத் திருப்பிப் பாடும்போது அவர் அடவு பிடிக்கிறார். திரை விலகியதும் அடவின் வேகம் ஏறி, உடம்பு தன்னைத்தானே சுற்றும் கிறிக்கியில் போய்ச் சேர்கிறது. அது நிற்கும் கணத்தில் மிருதங்கத்தின் கடைசி அடியும் விழுகிறது. இந்தக் கடைசி அடியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கையால் அதற்கு எதிர்வினை செய்ய மனிதருக்குச் சுமார் 200 மில்லிவினாடி ஆகும். மிருதங்கக்காரர் காலடி விழுவதைப் பார்த்த பிறகு தட்டினால், விரைந்த நடையில் அது அடுத்த அட்சரத்தில் போய் விழும். அப்படி விழுவதில்லை. ஆகவே அவர் அசைவைத் தொடர்ந்துபோகவில்லை. தோள் திரும்பும் விதத்திலிருந்தும், தலை நிமிர்வதிலிருந்தும், அந்தப் பாத்திரம் அந்த அடியில் என்ன செய்யும் என்ற அறிவிலிருந்தும், அடுத்து வருவதை முன்கூட்டியே பிடித்துவிடுகிறார். அசைவை ஒலியாக்கும் ஏற்பாடு ஒன்று இங்கே முழுமையாக இயங்குகிறது, அதில் உணரியின் இடத்தில் இருப்பது பல இரவுகள் ஒன்றாக விழித்த பழக்கம்.

கருவி செய்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பப் பாடம் துல்லியமானது. பெர்க்லியில் டேவிட் வெசல், மேத்யூ ரைட் இருவரும், அசைவுக்கும் ஒலிக்கும் இடையே 10 மில்லிவினாடிக்கு மேல் தாமதம் கூடாது, அந்தத் தாமதமும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகிறது. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்த மிருதங்கம் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். வினாடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரணக் கேமராவோ ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலேயே 33 மில்லிவினாடியை விட்டுவிடுகிறது. படத்தை அலசிக் கையைக் கண்டுபிடிக்கும் நேரம் அதற்கு மேல். இப்படிப் படத்தை அளந்த பிறகு ஒலிக்கும் இயந்திரம் தாளத்தில் பின்தங்கியே இருக்கும். காற்றில் மேளம் கொட்டும் கருவிகள் ஏன் பொம்மைகளாகவே நின்றுவிடுகின்றன என்பதற்கு இது ஒரு விளக்கம். அப்படியானால் தட்டுகிற வேலையை மிருதங்கத்திடமே விட்டுவிட்டு, இடைவிடாமல் ஓடுகிற ஒலியை மட்டும் புதிய கருவி எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இழுத்து நீளும் ஒலியில் சிறு தாமதம் காதை உறுத்தாது. மணிக்கட்டில் கட்டும் அசைவுணரி கேமராவைவிடப் பல மடங்கு அடிக்கடி அளவெடுக்கும் என்பதால், கூத்து இரவின் அரைவெளிச்சத்தில் அதுவே பொருத்தமும்கூட.

இங்கே சலங்கையைப் பற்றி நின்று யோசிக்க வேண்டும். அசைவை நேரே ஒலியாக்கும் கருவிகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையதும் மிக நேர்மையானதும் அதுதான். கால் அசைந்தால் ஒலிக்கும், நின்றால் அடங்கும். மெல்ல வைத்த அடிக்கு மெல்லிய ஒலி, ஓங்கி மிதித்த அடிக்கு ஓங்கிய ஒலி. எங்கிருந்து வருகிறது என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். உழைக்காமல் ஒலி கிடையாது. தெர்மன் கருவியில் இதற்கு நேர்மாறு, கையை அசைக்காமல் வைத்தால் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும், அதை அடக்கத்தான் தனி முயற்சி வேண்டும். சலங்கைக்கு ஒரு எல்லை உண்டு, அது காலுக்கு மட்டுமே பேசும். கூத்தில் தோளும் கையும் தலையும் காலைவிடக் குறைவாக ஆடுவதில்லை. புஜக்கட்டையும் கிரீடமும் உடம்பை அகலப்படுத்தி, ஒவ்வொரு திருப்பத்தையும் தூரத்துக் கண்ணுக்கும் எட்டவைக்கின்றன. அந்த மேலுடம்பின் அசைவுக்கு இதுவரை தனக்கென்று ஒலி கிடையாது. காற்றில் வாசிக்கும் கருவிக்கு நம்மிடம் காலியாகக் கிடக்கும் இடம் இதுதான். காலுக்குச் சலங்கை என்னவோ, கைக்கு அது அப்படி அமைய வேண்டும்.

கையின் அசைவுக்கு எந்த மாதிரி ஒலி பொருந்தும் என்பதற்கும் நம் சங்கீதத்திலேயே சான்று இருக்கிறது. பாட்டுக்காரர்கள் பாடும்போது கை சும்மா இருப்பதில்லை என்பது கச்சேரிக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும். ஹிந்துஸ்தானிப் பாடகர்களின் கையசைவை ஆராய்ந்து மேத்யூ ரஹெய்ம் 2012-இல் ஒரு நூல் எழுதினார். கர்நாடக இசைப் பாடம் நடக்கும்போது குருவின் கை என்ன செய்கிறது என்பதை லாரா பியர்சன் ஆராய்ந்தார். இந்த அசைவுகள் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு முத்திரை என்கிற அகராதி இல்லை, தற்செயலானவையும் இல்லை. ஒலியின் ஓட்டத்தை, அதன் வளைவையும் இழுவையையும் நிறுத்தத்தையும், கை வரைகிறது. நம் கமகமே அசைவுதான். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடுவதாலேயே அது தோடியின் காந்தாரமாகிறது. ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிக்கொண்டே போவதைத் தெர்மன் கருவியின் குறை என்று கருதி ஐரோப்பிய வாத்தியக்காரர்கள் அதோடு போராடினார்கள். அந்த வழுக்கல் நமக்குக் கச்சாப்பொருள். ஆனால் வழுக்குவதெல்லாம் கமகம் ஆகிவிடாது. எங்கே தொடங்கி, எவ்வளவு நேரம் தங்கி, எந்த வேகத்தில் திரும்புவது என்பதை ராகம் சொல்கிறது. அதனால்தான் கையின் உயரம் சுருதி என்ற எளிய கணக்கு நமக்கு உதவாது. கை எங்கே இருக்கிறது என்பதைவிட எப்படிப் போகிறது, எவ்வளவு விசையோடு போகிறது, எங்கே தயங்குகிறது என்பதைக் கேட்கும் கருவி வேண்டும். முகவீணை ஓடும் வழியில் ஒரு தொடர் ஒலியை வைத்துக்கொண்டு, அதன் கனத்தையும் நடுக்கத்தையும் மட்டும் வேஷக்காரரின் கைக்கு விட்டுக்கொடுப்பது ஒரு நல்ல தொடக்கமாக இருக்கும்.

தொடுகை இல்லாத இடத்தில் சங்கீதமே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. இது வலுவான மறுப்பு. வீணையில் தந்தியை இழுக்கும்போது இறுக்கம் கூடுவதை விரல் உணர்கிறது, அந்த உணர்வுதான் சுருதியைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது. காற்று அப்படி எதையும் திருப்பிச் சொல்வதில்லை. ஆனால் குரலுக்கும் மெட்டு கிடையாது, கோட்டுவாத்தியத்துக்கும் கிடையாது. அங்கே காது தடமாகிறது, பழகிய தசை காவலாகிறது. மேலும், கூத்து ஆடுபவரின் கை வெறுங்கையில்லை. தோளில் கட்டையின் பாரம், காலில் சலங்கையின் பாரம், தலையில் கிரீடம், சுற்றும்போது உடம்பை வெளியே இழுக்கும் விசை, இத்தனையையும் எதிர்த்துத்தான் அந்தக் கை உயர்கிறது. வெறும் காற்றில் கிடைக்காத எதிர்ப்பை வேஷம் தருகிறது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து விரலை ஆட்டுபவருக்கு இல்லாத ஒரு பிடிமானம் களரியில் ஆடுபவருக்கு இருக்கிறது என்பதால்தான், இந்தக் கருவியை ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்துவிட்டுக் களரிக்குக் கொண்டுவரக் கூடாது, களரியிலேயே வடிவமைக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது மறுப்பு, மின்கருவி வந்தால் மரபு கெடும் என்பது. வரலாறு இதற்கு வேறு பதில் சொல்கிறது. ஐரோப்பாவில் உருவான ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கிவைத்தது, நம் சங்கீதத்தின் வளைவுகளுக்கு அது ஒத்துவராது என்று சொன்னார்கள். கூத்து அதைத் தன் மேடையில் ஏற்று, குரலுக்குச் சுருதி தரும் வேலையில் அமர்த்திக்கொண்டது. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் கர்நாடக இசைக்குள் வந்த வயலினோ இன்னும் ஆழமாக மாற்றப்பட்டது. நின்று தோளில் தாங்கி வாசிக்கப்பட்ட வாத்தியம் இங்கே தரையில் உட்கார்ந்தது, அதன் தலை காலில் ஊன்றியது, தந்திகள் ஸா, பா என்று சுருதி கூட்டப்பட்டன. பாரத்தைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்ட இடக்கை கமகத்துக்காகத் தந்தியின் மேல் தாராளமாக வழுக்கத் தொடங்கியது. வாத்தியம் நம்மை மாற்றுமுன் நாம் வாத்தியத்தை மாற்றினோம். ஆகவே கேட்க வேண்டியது புதிய கருவி வரலாமா என்பதை அல்ல, வரும் கருவியைத் திருத்தும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதைத்தான். அந்த உரிமை மென்பொருள் எழுதுபவரிடம் மட்டும் இருந்தால், கூத்துக்காரர் உணரி கட்டிய சோதனைப் பொருளாகிவிடுவார். ஜமாவின் வாத்தியாரிடம் இருந்தால் அது ஆர்மோனியம் போன வழியில் போகும்.

மூன்றாவது மறுப்பு பிழைப்பைப் பற்றியது, மற்ற இரண்டையும்விட இதை நான் மதிக்கிறேன். ஒரு ஜமாவுக்குக் கிடைக்கும் கூலி குறைவு. இயந்திரம் வந்தால் முகவீணைக்காரரை நிறுத்திவிட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது நினைக்கக்கூடும். கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரத்தின் இடத்தை ஒலிப்பதிவுகள் பிடித்துக்கொண்ட அனுபவம் நமக்கு இருக்கிறது. இந்தப் பயம் நியாயமானது என்பதாலேயே கருவியின் இலக்கணத்தில் முதல் விதியாக ஒன்றை எழுதிவைக்க வேண்டும்: இருக்கும் எந்த வாத்தியத்தின் வேலையையும் அது செய்யாது. மேலே சொன்னபடி தாளத்தையும் அது மிருதங்கத்திடமே விட்டுவிடும். பதிவுசெய்த மெட்டைக் கையசைத்துத் தொடங்கிவைக்கும் வசதியும் அதில் இருக்கக் கூடாது, ஏனென்றால் அங்கே ஒலி உழைப்பிலிருந்து அறுந்துபோகிறது. கை ஓய்ந்தால் ஒலி ஓய வேண்டும். ஒருமுறை வகுத்த உறவைப் பல பருவங்களுக்கு மாற்றாமல் வைத்துப் பழக வேண்டும், அது வைஸ்விஸ் தந்த பாடம்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை மராத்தியர் ராணுவ நிலப்பரப்பைச் சேர்ந்த பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளுக்கு இனி கவனிப்பு கூடும், அது நல்லது. கற்களுக்குப் பட்டியல் இருக்கிறது, அதே நிலத்தில் அசைவுக்கும் ஒலிக்கும் இடையே தலைமுறைகள் கட்டிய உறவு ஆடுபவர் உடம்பை விட்டால் வேறெங்கும் முழுமையாகப் பதிவாகவில்லை. இந்தக் கருவியைச் செய்யும் முயற்சி அந்த உறவை உற்றுப் பார்க்க நம்மைக் கட்டாயப்படுத்தும். ஒரு கிறிக்கி எங்கே தொடங்குகிறது, மிருதங்கக்காரர் தோளின் எந்தத் திருப்பத்தில் முடிவைக் கண்டுகொள்கிறார், நின்ற உடம்பு எப்போது மௌனம், எப்போது இடைவெளி என்று கேட்காமல் ஒரு வரி நிரல்கூட எழுத முடியாது. விழுப்புரம், திண்டிவனம் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலர் இந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்த ஊர்களிலிருந்து வருபவர்கள். உணரியும் அவர்களுக்கு எட்டும் விலையில் இருக்கிறது, வாத்தியாரும் பேருந்து தூரத்தில் இருக்கிறார். அவர்கள் செய்யும் கருவிக்கு விருதுகளோ காப்புரிமையோ அளவுகோல் ஆகாது. பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஒரு கூத்தில், மிருதங்கக்காரர் அதோடு சேர்ந்து வாசிக்கச் சம்மதிக்கிறாரா, மறுநாள் இரவுக்கும் அதைக் கொண்டுவரச் சொல்கிறாரா என்பதே அதற்கான தேர்வு. அந்தச் சம்மதத்தைப் பெறும்வரை நம் கையில் இருப்பது ஒரு சாதனம் மட்டுமே, அதை வாத்தியம் என்று அழைக்க நமக்கு உரிமை இல்லை.